இரவு விளையாட்டுக்கு ஒரு சின்ன டோர்ச்: கொழும்பில் காசை வீணாக்காமல் வாங்குவது எப்படி

கித்துல்கலையில் ஒரு சனிக்கிழமை இரவு. அலுவலக நண்பர்கள் பதினாறு பேர், இரண்டு அணி, எதிரணியின் கொடியைக் களவெடுத்துக்கொண்டு வருகிற விளையாட்டு. நான் றப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு புதருக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தேன். காலில் ஏதோ ஊர்ந்தது. அட்டையாகத்தான் இருக்கும், பார்த்துவிடலாம் என்று டோர்ச்சை ஒரு தடவை அமத்தினேன். அது பொலிஸ் வண்டி மாதிரி வெட்டி வெட்டி எரிந்தது. எதிரணி சிரித்துக்கொண்டே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது. இருபது நிமிடத்தில் டோர்ச்சும் செத்தது. அது வந்த பெட்டியில் வெளிச்சத்தின் அளவு "1,00,000 லூமன்" என்று போட்டிருந்தது.

அதோடு சேர்த்து மூன்று டோர்ச்சுக்குக் காசு கொடுத்த பிறகுதான் நாலாவதாக உருப்படியான ஒன்று கைக்கு வந்தது. முதல் தடவையே அதை வாங்கியிருந்தால் மிச்சக் காசில் வெள்ளவத்தையில் நாலு பேர் கொத்து சாப்பிட்டிருக்கலாம். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எங்கே பிடிக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள்

இரவு விளையாட்டுக்கு வேண்டியது மிக மங்கலான வெளிச்சம், சத்தம் போடாத சுவிட்ச், கையில் அடங்குகிற அளவு. மலையேற்றத்துக்கு வேண்டியது பல மணித்தியாலம் ஒரே சீராக எரிகிற வெளிச்சம். வீட்டில் கரண்ட் போனால் கூரையை நோக்கி நிறுத்தி வைக்கக் கூடிய தட்டையான அடிப்பாகம் போதும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டபோது எங்கள் வீட்டில் எரிந்தது நான் காட்டுக்கென்று வாங்கிய டோர்ச்தான். ஆக, ஒன்றே மூன்றுக்கும் உதவும். ஆனால் எது முக்கியம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிவனொளிபாத மலைக்குப் போவதுதான் உங்கள் பிரதான நோக்கம் என்றால் கையில் பிடிக்கிற டோர்ச்சை விடுங்கள், நெற்றியில் கட்டுகிற லைட் எடுங்கள். நல்லதண்ணி பக்கமாக ஏறினால் ஐயாயிரத்துச் சொச்சம் படிகள். கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். மார்கழிப் போயா தொடங்கி வெசாக் போயா வரை பருவகாலம், அப்போது பாதை முழுக்க லைட் போட்டிருப்பார்கள். பருவம் முடிந்து போனால் உங்கள் வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது.

அளவு விஷயத்தில் என் அளவுகோல் எளிது. காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் இருந்து பாருங்கள். தொடையில் குத்தினால் பெரிது. 11, 12 சென்ரிமீற்றருக்குள் நீளம், பற்றரியோடு 120 கிராமுக்குள் எடை என்றால் சரியாக இருக்கும்.

2. பற்றரியைத் தேர்ந்தெடுங்கள், டோர்ச் தானாகப் பின்னால் வரும்

எல்லாரும் கடைக்குப் போனதும் "எத்தனை லூமன்?" என்று கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்க வேண்டியது "என்ன பற்றரி?" என்பது. ஏனென்றால் இந்த அளவு டோர்ச்சில் வெளிச்சத்தின் தரத்தையும் நேரத்தையும் தீர்மானிப்பது உள்ளே இருக்கிற அந்த உருளைதான்.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற டபுள் ஏ எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தையைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், சார்ஜ் போட இடம் தேடத் தேவையில்லை. சிறுவர்களுக்கும் சாரணர் முகாமுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு நிபந்தனை: சாதாரண அல்கலைன் பற்றரியை உள்ளே போட்டு மறந்துவிடாதீர்கள். அது ஒழுகி, உள்ளே வெள்ளைப் பொடி பூத்து, டோர்ச்சையே தின்றுவிடும். திரும்பத் திரும்பச் சார்ஜ் போடுகிற நிக்கல் வகை டபுள் ஏ கொஞ்சம் விலை கூட, ஆனால் ஒழுகுவது அபூர்வம்.

14500 என்று ஒன்று உண்டு. பார்க்க அசல் டபுள் ஏ மாதிரியே இருக்கும்: 14 மில்லிமீற்றர் தடிப்பு, 50 மில்லிமீற்றர் நீளம். ஆனால் இது லித்தியம், 3.7 வோல்ற். டபுள் ஏ 1.5 வோல்ற்தான். இரண்டையும் ஏற்கும் என்று தெளிவாக எழுதியிருக்கிற டோர்ச்சில் மட்டும் போடுங்கள். சொஃபெர்ன் எஸ்பி10 புரோ மாதிரிச் சில மொடல்கள் அப்படி இரண்டையும் ஏற்கும். என் மருமகன் ஒரு 14500 ஐ எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டான். அந்தக் கடிகாரம் அதோடு சரி.

18650 தான் நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது, பெரும்பாலானோருக்கும் இதையே சொல்வேன். 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம். நல்ல கொம்பனிச் செல் 2,500 முதல் 3,500 மில்லி அம்பியர் மணி வரை இருக்கும். மேலே சொன்ன கித்துல்கலை டோர்ச்சோடு வந்த செல்லில் "9900" என்று எழுதியிருந்தது. 18650 அளவில் அப்படி ஒரு செல் இந்த உலகத்திலேயே கிடையாது. அசல் செல் கிட்டத்தட்ட 45 கிராம் இருக்கும். என்னுடையதை மனைவி கேக் மா நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன்: 28 கிராம். வெளி உறையைக் கீறிப் பார்த்தால் எழுத்தே இல்லாத ஒரு செல், பாதி வெறுமை போல. கடைக்குப் போகும்போது ஒரு சின்னத் தராசைக் கொண்டுபோகச் சொல்லவில்லை; கையில் இரண்டு செல்லை மாறி மாறி வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

21700 இன்னும் கொஞ்சம் பெரிது, கொள்ளளவு 5,000 அளவில் இருக்கும். இரவு முழுக்க நடப்பவர்களுக்குச் சரி. சட்டைப் பைக்குச் சரிவராது.

மூன்று ட்ரிபிள் ஏ பற்றரியை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் அடுக்கிப் போடுகிற டோர்ச்சை மட்டும் வாங்காதீர்கள். அந்தக் கூட்டின் கம்பிச் சுருள்தான் முதலில் போகும். மழைக்காலத்தில் கொழும்பில், அதுவும் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு, சில மாதத்தில் துரு ஏறிவிடும்.

3. லூமன் கணக்கு: போயா நிலவை வைத்து யோசியுங்கள்

சின்ன டோர்ச்சில் இருக்கிற எல்ஈடி ஒரு வொட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் ஒரு லட்சம் லூமனுக்கு 1,000 வொட் வேண்டும். அது சட்டை தேய்க்கிற அயன் பெட்டி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு புதருக்குள் குந்தியிருக்க முடியுமா? ஒற்றை 18650 போடுகிற டோர்ச்சில் 1,000 லூமன் என்றால் நம்பலாம், 2,000 என்றால் ஒரு நிமிடத்துக்கு நம்பலாம். அதற்குப் பிறகு சூடு தாங்காமல் தானாகவே குறைந்துவிடும். குறையாவிட்டால் அது நல்லதுமில்லை, கை சுடும்.

நடக்க 30 முதல் 100 லூமன் போதும். தரையில் விழுந்த திறப்பைத் தேட, வரைபடம் பார்க்க 1 முதல் 5. தூரத்தில் நிற்கிற ஆளைத் தேட 300, 500. இன்னொரு விஷயம், 500 ஐ 1,000 ஆக்கினால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது. அப்படித் தெரிய வேண்டுமென்றால் நாலு மடங்கு வேண்டும். ஆக 800 க்கும் 1,000 க்கும் இடையில் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

பெட்டியில் "எஃப்எல் 1" என்று ஒரு குறி இருக்கிறதா என்று தேடுங்கள். அது டோர்ச்சுகளை அளக்கிற அமெரிக்கத் தரமுறை. அதில் இரண்டு சூட்சுமம் உண்டு.

முதலாவது, தூரம். "200 மீற்றர்" என்று போட்டிருந்தால், 200 மீற்றர் தூரத்தில் அந்த வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆக இருக்கிறது என்று பொருள். 0.25 லக்ஸ் என்பது மேகமில்லாத பௌர்ணமி இரவின் நிலவு வெளிச்சம் அளவு. அதாவது அந்தத் தூரத்தில் டோர்ச் செய்வது போயா நிலா செய்கிற வேலையைத்தான். ஆளை அடையாளம் காண வேண்டுமென்றால் எழுதியிருக்கிற தூரத்தை மூன்றால் பிரியுங்கள்.

இங்கே கொழும்புக்காரர்கள் எல்லாரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. நாங்கள் பயணம் போவதே போயாவை ஒட்டி வருகிற நீண்ட விடுமுறையில். வானம் வெளித்திருந்தால் அன்றைக்கு எந்தக் குப்பை டோர்ச்சும் நல்ல டோர்ச்தான். "போன முறை நல்லா இருந்ததே" என்று அதையே அமாவாசைக்குக் கிட்ட ஒரு சனிக்கிழமை கொண்டுபோனால்தான் உண்மை தெரியும். என் இரண்டாவது டோர்ச் அப்படித்தான் என்னை ஏமாற்றியது.

இரண்டாவது, எரிகிற நேரம். வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரைக்கும் உள்ள நேரத்தைத்தான் போடுவார்கள். "1,000 லூமன், 3 மணித்தியாலம்" என்றால் மூன்று மணித்தியாலமும் ஆயிரம் அல்ல. இரண்டு மூன்று நிமிடம் ஆயிரம், மிச்ச நேரம் முந்நூறு, கடைசியில் நூறு என்றும் இருக்கலாம். ஆகவே நடுத்தர மோடின் நேரத்தைப் பாருங்கள். அதில் 4 மணித்தியாலம் என்றால் ஒரு இரவு விளையாட்டுக்குத் தாராளம்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் போடுவார்கள். 6,500 கெல்வின் நீல வெள்ளை. கடையில் பளிச்சென்று இருக்கும், மலைநாட்டு மூடுபனியிலும் மழையிலும் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டும். 4,000 முதல் 5,000 வரை வாங்குங்கள். சேறு எது, வேர் எது, காய்ந்த இலைக்குள் கிடக்கிற பாம்பு எது என்று பிரித்தறிய அதுதான் உதவும்.

4. சுவிட்ச்: விளையாட்டில் உங்களைக் காட்டிக்கொடுப்பது இதுதான்

எனக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மலிவு டோர்ச்சுகள் பலவற்றில் ஒரே பொத்தான். அமத்த அமத்தக் கூடுதல், நடு, குறைவு, வெட்டி எரிதல், எஸ்ஓஎஸ் என்று சுற்றிக்கொண்டே போகும். எந்த இடத்தில் நிற்கிறது என்று இருட்டில் தெரியாது. விளையாட்டுக்கு வாங்கும்போது கடையிலேயே இந்த நாலையும் பாருங்கள்:

அணைந்த நிலையிலிருந்து நேரே மிகக் குறைந்த வெளிச்சத்துக்குப் போக வழி உண்டா? பல நல்ல டோர்ச்சுகளில் பொத்தானை அமத்திப் பிடித்தால் அப்படி வரும்.

வெட்டி எரிகிற மோட் வழக்கமான சுற்றுக்குள் வருகிறதா, அல்லது மறைத்து வைத்திருக்கிறார்களா? மறைந்திருக்க வேண்டும். சிலருக்கு அந்த வெளிச்சம் வலிப்பைக் கிளப்பும், அதனால் விளையாட்டில் யாருமே அதைப் பாவிக்கக் கூடாது.

பொத்தான் "டக்" என்கிறதா? வாலில் உள்ள பொத்தான்கள் பெரும்பாலும் சத்தம் போடும். பக்கவாட்டில் உள்ளவை அமைதி. அமைதியான காட்டில் அந்த "டக்" இருபது அடிக்குக் கேட்கும்.

கடைசியாக, எத்தனை மோட்? மூன்று நாலுக்கு மேல் போனால் வேண்டாம். பன்னிரண்டு மோட் டோர்ச் வைத்திருக்கிற ஒரு நண்பர் இப்போதும் அதை அணைக்கத் தெரியாமல் துண்டால் சுற்றி வைக்கிறார்.

சிவப்பு வெளிச்சம் உள்ள டோர்ச் கிடைத்தால் எடுங்கள். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். ஒரு வெள்ளை மின்னல் பட்டால் அது போச்சு. மங்கலான சிவப்பில் அவ்வளவு போகாது. தனியாக அதற்குக் காசு கொடுக்க விருப்பமில்லையா, வெசாக் கூடு கட்டி மிஞ்சின சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து றப்பர் பட்டி போடுங்கள். நாங்கள் இப்போது பிள்ளைகளின் டோர்ச்சுகளுக்கு அப்படித்தான் செய்கிறோம். கூடுதல் வெளிச்சத்தில் மட்டும் எரிய விடாதீர்கள், தாள் உருகும்.

5. தண்ணீர்

ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம். கித்துல்கலை மாதிரி ஆற்றோர இடங்களுக்கு 7 க்குக் கீழே வேண்டாம், களனி கங்கையில் விழுந்தால் தேடி எடுக்கிற நேரமாவது தாங்க வேண்டும். முன்பக்கத்தை இழுத்து வெளிச்சத்தைக் குவிக்கிற சூம் டோர்ச்சில் இந்த எண் எழுதியிருந்தாலும் நான் நம்ப மாட்டேன். இழுக்கிற இடைவெளியால் காற்றும் ஈரமும் உள்ளே போகும், கண்ணாடி உள்ளுக்குள் வியர்க்கும். "வோட்டர் புரூஃப்" என்று மொட்டையாக எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லை.

6. புறக்கோட்டைக்குப் போகிற நாளும் நேரமும்

மின்சாதனக் கடைகள் என்றால் முதலாம் குறுக்குத் தெரு. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி ஒல்கொட் மாவத்தையைக் கடந்தால் நடந்தே போகலாம். கிழமை நாளில் காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் போங்கள், கடைக்காரருக்குக் கதைக்க நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்குப் பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிறும் போயாவும் பெரும்பாலும் நடைபாதை வியாபாரம்தான். பஸ்ஸிலும் நடைபாதையிலும் வாங்குகிற டோர்ச்சுக்குப் பில்லும் இல்லை, நாளைக்கு அந்த ஆளும் இல்லை.

கையோடு கொண்டுபோக வேண்டியது: யூஎஸ்பி சி வயர் இரண்டு வகை (ஏன் என்று பிறகு சொல்கிறேன்), உங்களிடம் ஏற்கனவே நல்ல 18650 இருந்தால் அது, அப்புறம் சில்லறைக் காசு.

நாலாவது டோர்ச் வாங்கிய அன்று நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"நானா, மூடியைக் கழற்றி உள்ளே இருக்கிற பற்றரியை ஒருக்காப் பார்க்கலாமா?"

"பாருங்க தம்பி. ஆனா இதுக்கு வாரண்டி எழுத மாட்டம், இப்பவே சொல்லிட்டன்."

"ஒரு லட்சம் லூமன் என்று போட்டிருக்கே?"

அவர் சிரித்தார். "அது பெட்டிக்குத் தம்பி." பிறகு என்ன நினைத்தாரோ, மேசைக்குக் கீழே குனிந்து தூசி படிந்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். அதில் 1,000 லூமன் என்றுதான் போட்டிருந்தது. "இத ஒருத்தரும் கேக்கிறல்ல. விலை கூட, நம்பர் கொறவு."

அதைத்தான் வாங்கினேன். நீங்களும் கண்ணாடி அலுமாரியில் முன்னால் தொங்குவதைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

7. வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால்

கொன்வொய் எஸ்2 பிளஸ் மாதிரி எளிமையான, பெயர் எடுத்த மொடல்கள் இங்கே கடைகளில் கிடைப்பது குறைவு. ஒன்லைனில் வரவழைக்கலாம். மூன்று விஷயத்தைக் கணக்கில் எடுங்கள்.

நேரம்: எனக்கு ஐந்து கிழமை எடுத்தது. பயணத்துக்கு இரண்டு மாதம் இருந்தால் மட்டும் இந்த வழி.

ஆவணம்: வாங்கிய இன்வொய்ஸ், காசு கட்டிய ஆதாரம் இரண்டையும் அச்செடுத்து வையுங்கள். பொதியைச் சுங்கம் நிறுத்தி வைத்தால் வீட்டுக்கு அறிவித்தல் அட்டை வரும். அந்த அட்டை, அடையாள அட்டை, அதன் பிரதி, இந்த இரண்டு தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அட்டையில் போட்டிருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். வரியைப் பொருளின் விலையில் மட்டும் பார்க்க மாட்டார்கள், அனுப்புகிற கூலியையும் சேர்ப்பார்கள். நான் இன்வொய்ஸ் இல்லாமல் போய் ஒரு அரைநாள் லீவை வீணாக்கினேன்.

பற்றரி: லித்தியம் செல்லைத் தனியாக விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால் பல விற்பனையாளர்கள் டோர்ச்சை மட்டும் அனுப்புவார்கள். "பற்றரி இல்லை" என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கும், பார்க்கத் தவறாதீர்கள்.

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வருகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் சொல்வது இன்னும் சுகம். உதிரி லித்தியம் செல்லைக் கைப்பையில்தான் கொண்டுவரச் சொல்லுங்கள், பெரிய சூட்கேசில் போடக் கூடாது. 3,500 கொள்ளளவுள்ள ஒரு செல் 12.6 வொட் மணிதான். விமானத்தில் வழக்கமான எல்லை 100. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் டப்பியில் போட்டால் பிரச்சினை வராது.

8. செலவு

2025 இல் நான் விசாரித்தபோது இருந்த விலைகள் இவை. டொலரோடும் உங்கள் பேரம் பேசுகிற திறமையோடும் ஏறி இறங்கும்.

நடைபாதை சூம் டோர்ச் 600 முதல் 1,500 ரூபா. டபுள் ஏ போடுகிற தரமானது 2,500 முதல் 5,000. 18650 போடுகிற தரமானது 5,000 முதல் 10,000. நல்ல 18650 செல் ஒன்று 1,500 முதல் 2,500. டோர்ச்சிலேயே சார்ஜ் துளை இல்லாவிட்டால் ஒற்றைச் செல் சார்ஜருக்கு இன்னும் ஆயிரம், இரண்டாயிரம் சேருங்கள்.

10,000 க்கு மேல் கொடுப்பது பொழுதுபோக்கு. தப்பில்லை, ஆனால் தேவை என்று வீட்டில் சொல்லாதீர்கள், நம்ப மாட்டார்கள்.

9. பில்லில் என்ன இருக்க வேண்டும்

கடையின் பெயர், திகதி, மொடல் பெயர், விலை, திருப்பிக் கொடுக்கக் கூடிய நாட்கள். "டோர்ச் 1" என்று மட்டும் எழுதினால் மொடலையும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டி உண்டு என்று வாயால் சொன்னால் பில்லின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பில்லைப் போனில் படம் எடுத்து வையுங்கள், அந்தத் தாள் வெயிலில் வெளிறி ஆறு மாதத்தில் வெறும் தாளாகிவிடும். எனக்கு அப்படி ஆகி வாரண்டி போனது.

கடைக்காரர் மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆயிரம் ரூபா டோர்ச்சுக்கு யாரும் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை என்று கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் பில் கையில் இருந்தால் பேச்சின் தொனி மாறும்.

10. வாங்கின அன்றிரவே செய்ய வேண்டிய சோதனை

திருப்பிக் கொடுக்கிற நாட்கள் முடிவதற்குள் செய்து முடியுங்கள். பயணத்துக்கு முதல் நாள் இரவு பெட்டியைப் பிரிக்கிறவர்களுக்காகத்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

முதலில் சார்ஜ். போன் சார்ஜரில் வருகிற, இரண்டு பக்கமும் சி முனையுள்ள வயரில் போட்டுப் பாருங்கள். பிறகு பழைய அகலமான முனை வயரில். மலிவு டோர்ச்சுகள் பல முதலாவதில் சார்ஜே ஏறாது. உள்ளே இரண்டு சின்ன றெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். டோர்ச் பழுது என்று நினைத்து விடாதீர்கள், ஆனால் எந்த வயர் வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 3,000 செல் முழுதாக ஏற நாலு மணித்தியாலம் பிடிக்கும்.

முழுதாக ஏறியதும் குளியலறை லைட்டை அணைத்து, நடுத்தர மோடில் கூரையைப் பார்த்து நிறுத்தி வைத்து, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருக்கா எட்டிப் பாருங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னால் மங்கினால் செல் போலியாக இருக்கலாம். கையில் பிடிக்க முடியாத சூடு என்றாலும் திருப்பிக் கொடுங்கள்.

ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருந்தால் மட்டும், வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். கண்ணாடிக்குள் ஆவி தெரிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, முழுச் சார்ஜோடு ஒரு கிழமை சும்மா வையுங்கள். மின்னணுப் பொத்தான் உள்ள சில டோர்ச்சுகள் அணைந்திருக்கும்போதே பற்றரியைக் குடிக்கும்.

11. விளையாட்டு இரவில்

தொடங்குவதற்கு முன் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, எல்லா டோர்ச்சையும் தரையைப் பார்த்து ஒரே நேரத்தில் போடச் சொல்லுங்கள். எது வெட்டி எரிகிறது, எது கண்ணைக் குத்துகிறது என்று அப்போதே தெரியும். யாருடைய முகத்துக்கும் அடிக்கக் கூடாது என்பதும், உண்மையான ஆபத்து என்றால் டோர்ச்சை வானத்தைப் பார்த்து மூன்று தரம் போட்டு அணைக்க வேண்டும் என்பதும் எங்கள் விதி. விளையாட்டு நின்றுவிடும், எல்லாரும் அந்த வெளிச்சத்தை நோக்கி வருவார்கள். அம்புலன்சுக்கு 1990. போனில் சிக்னல் எங்கே வருகிறது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள்.

நடக்கும்போது வெளிச்சம் இரண்டு அடி முன்னால் தரையில் இருக்கட்டும். ஒரு தடவையாவது டோர்ச்சை நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் புல்வெளியைப் பாருங்கள். பனித்துளி மாதிரிப் பச்சையாக மினுங்குகிற புள்ளிகள் தெரியும். கிட்டப் போனால் ஒவ்வொன்றும் ஒரு சிலந்தியின் கண். எங்கள் அணித் தலைவி அதைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் ஒளிக்கவே போகவில்லை.

12. திரும்பி வந்த பிறகு

சேற்றைக் கழுவி, மூடியைத் திறக்காமல் துடைத்துக் காயவையுங்கள். அதன் பின்னரே திறக்க வேண்டும். புரியில் உள்ள கறுப்பு றப்பர் வளையத்துக்கு வருடத்தில் இரண்டு தடவை ஒரு பொட்டு சிலிக்கன் கிறீஸ். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளில் சின்ன டியூப்பாகக் கேட்டு வாங்கலாம். அல்கலைன் பற்றரி ஒழுகியிருந்தால் பஞ்சில் தேசிக்காய்ச் சாறு தொட்டு அந்த வெள்ளைப் பொடியைத் துடையுங்கள், பிறகு ஈரத் துணி, பிறகு நன்றாகக் காய விடுங்கள். உதிரிச் செல்லைத் திறப்புக்கோர்வை, சில்லறைக் காசோடு ஒரே பையில் போடவே கூடாது.

பயணப் பையில் வைக்கும்போது வால்மூடியைக் கால் சுற்று தளர்த்தி விடுங்கள், பொத்தான் அமத்துப்பட்டாலும் பெரும்பாலும் எரியாது. ஹட்டன் ரயிலில் என் பை ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே நாவலப்பிட்டி வரை போனேன். திறந்து பார்த்தபோது மாற்றுடுப்பாக வைத்திருந்த ஒரே சட்டையில் ஐந்து ரூபாக் குற்றி அளவில் ஒரு பழுப்பு வட்டம்.